1811-வது கம்பெனி: டெக்சாஸ் பையன்கள் வயோமிங் காட்டுத்தீக்குள் எப்படிப் போனார்கள்?

அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றியோ காட்டுத்தீ பற்றியோ பேச்சு எழுந்தால் ஒரு பழைய பெயர் தவறாமல் வந்துவிடும்: சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி. வேலையில்லாத ஏழை இளைஞர்களுக்குக் காட்டிலும் பூங்காவிலும் வேலை கொடுக்க 1933இல் அமெரிக்க அரசு தொடங்கிய படை அது. 2023 செப்டம்பரில் பைடன் அரசு ‘அமெரிக்கன் கிளைமேட் கோர்’ என்ற இளைஞர் படையை அறிவித்தபோதும் இதைத்தான் முன்மாதிரியாகச் சொன்னார்கள். அந்தப் புதிய படை 2025 தொடக்கத்துக்குள் மூட்டை கட்டிவிட்டது. பழையது ஒன்பது ஆண்டுகள் ஓடியது. சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள்.

அப்படி என்னதான் இருந்தது என்று தேடப் போனால் முதலில் குழப்புவது எண்கள். ‘322-வது கம்பெனி’, ‘1811-வது கம்பெனி’ என்றே ஆவணங்கள் பேசும். இவை என்ன, யார் நடத்தினார்கள், டெக்சாஸ் பையன்கள் ஏன் வயோமிங் மலையில் தீயை அணைக்கப் போய்ச் செத்தார்கள்? 1811-வது கம்பெனியைப் பிடித்துக்கொண்டு போனால் மொத்த அமைப்பும் புரிந்துவிடும்.

கம்பெனி என்றால் எந்தக் கம்பெனி?

தேர்தல் நேரத்தில் “துணை ராணுவம் பத்து கம்பெனி வந்து இறங்கியது” என்று செய்தி வருமே, அந்தக் கம்பெனிதான். லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிற கம்பெனி இல்லை. ஒரு கேப்டனோ லெப்டினன்டோ நேரடியாகக் கட்டி மேய்க்கக்கூடிய அளவுள்ள ஆட்கூட்டத்துக்கு ராணுவம் வைத்த பெயர் அது. சி.சி.சி.யில் ஒரு கம்பெனிக்குச் சுமார் 200 பேர்.

கம்பெனி வேறு, முகாம் வேறு. கம்பெனி என்பது ஆட்கள். முகாம் என்பது இடம். ஒரு கம்பெனி இந்த மாநிலத்தில் முகாமைக் காலி செய்துவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போகலாம். அப்போது எண் ஆட்களோடு போகும். முகாமுக்குத் தனிக் குறியீடு உண்டு: எஃப் என்று தொடங்கினால் தேசியக் காடு, எஸ்.பி. என்றால் மாநிலப் பூங்கா, எஸ்.சி.எஸ். என்றால் மண்வளப் பாதுகாப்பு. தாத்தா எங்கே வேலை செய்தார் என்று தேடுகிறவர்கள் கம்பெனி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தவறான ஊருக்குப் போய் நிற்பது இதனால்தான்.

கம்பெனி எண்ணைப் படிக்கும் முறை இது:

1. நூறாம் இடத்து இலக்கம் எந்தப் படைப்பகுதி என்று சொல்லும். அமெரிக்க ராணுவம் அப்போது நாட்டை ஒன்பது படைப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. 322 என்றால் மூன்றாவது பகுதி. 1811 என்றால் எட்டாவது பகுதி. எட்டாவது பகுதிக்குத் தலைமையிடம் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன்.

2. கடைசி இரண்டு இலக்கங்கள் வெறும் வரிசை எண்.

3. ஆயிரம் இடத்து இலக்கம், எண்கள் தீர்ந்துபோனதால் வந்தது. 800களில் இடம் முடிந்ததும் 1800கள், அதுவும் போதாமல் 2800கள்.

4. எண்ணுக்குப் பின்னால் ‘வி’ இருந்தால் முதல் உலகப் போர் வீரர்கள். ‘சி’ இருந்தால் கறுப்பின இளைஞர்கள். சி.சி.சி. சட்டத்திலேயே இனம், நிறம், மதம் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதைச் சேர்க்க வைத்தவர் அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட். வரி காகிதத்தில் இருந்தது. 1935இல் முகாம்களை இனவாரியாகப் பிரிக்க உத்தரவே வந்துவிட்டது.

ஆக, எண்ணைப் பார்த்தால் கம்பெனி எந்தப் பகுதியில் திரட்டப்பட்டது என்று தெரியும். எங்கே வேலை செய்தது என்று தெரியாது. 1811-வது கம்பெனியில் இருந்தவர்கள் பெரும்பாலும் டெக்சாஸ் பையன்கள். 1937இல் அவர்கள் இருந்த முகாம் வயோமிங் மாநிலத்தில், பிக்ஹார்ன் மலையடிவாரத்து டென் ஸ்லீப் ஊரை ஒட்டி.

மாதம் 30 டாலர், அதில் 25 வீட்டுக்கு

1933 மார்ச் 4 அன்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது உழைக்கும் அமெரிக்கர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. மார்ச் 31 அன்று சட்டத்தில் கையெழுத்தானது. ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவின் காட்டில் முதல் முகாம் எழுந்துவிட்டது. ஜூலை தொடக்கத்தில் முகாம்களில் கிட்டத்தட்ட 2,75,000 பேர். எந்த அரசு வேலையும் இந்த வேகத்தில் நடக்காது. இது நடந்ததற்குக் காரணம் ராணுவம். ஆளைக் கூட்டி, ஊசி போட்டு, உடுப்புக் கொடுத்து, ரயிலேற்றி, கூடாரம் அடித்துச் சோறு போடத் தெரிந்த ஒரே அமைப்பு அன்று அதுதான்.

சேருவதற்குத் தகுதி என்ன? தொடக்கத்தில் 18 முதல் 25 வயது, கல்யாணம் ஆகாதவர், நிவாரணம் வாங்கும் குடும்பத்துப் பிள்ளை. வயது வரம்பு பின்னால் மாறிக்கொண்டே இருந்தது. மரம் வெட்டத் தெரியுமா, மலை ஏறியதுண்டா என்று யாரும் கேட்கவில்லை. வறுமைதான் தகுதிச் சான்றிதழ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். மிச்சம் 5 டாலர் பையன் கையில்: சவரம், சிகரெட், சனிக்கிழமை சினிமா. உதவித் தலைவர் ஆனால் 36 டாலர், தலைவர் ஆனால் 45. ஆறு மாத ஒப்பந்தம், நீட்டித்துக்கொள்ளலாம். சாப்பாடு, துணி, படுக்கை, வைத்தியம் எல்லாம் இலவசம். ஆரம்பத்தில் கொடுத்த துணி முதல் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ உடுப்பு, பலருக்குத் தொளதொளவென்று.

தொழிற்சங்கங்கள் முதலில் கொதித்தன. நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று அரசே நிர்ணயித்தால் வெளியே யார் அதிகம் கொடுப்பார்கள் என்ற பயம். ரூஸ்வெல்ட் அதற்குச் செய்த வேலை சாமர்த்தியமானது: இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவரான ராபர்ட் ஃபெக்னரையே சி.சி.சி.க்கு இயக்குநராகப் போட்டுவிட்டார்.

ஒரு முகாமுக்கு இரண்டு எஜமானர்கள்

சி.சி.சி. ஒரே துறையின் திட்டம் இல்லை. தொழிலாளர் துறை ஆளைத் தேர்ந்தெடுக்கும். ராணுவம் முகாமை நடத்தும். விவசாயத் துறையும் உள்துறையும் வேலையைக் கொடுக்கும். (அமெரிக்காவில் உள்துறை என்றால் போலீஸ் இல்லை; பூங்காக்கள், அரசு நிலங்கள், அணைகள். வனத்துறை அங்கே விவசாயத் துறைக்குள் வருகிறது.)

முகாமில் இதன் அர்த்தம் என்ன? காலை எழுப்பும் ஊதுகொம்பிலிருந்து லாரி ஏறும் வரை பையன்கள் ராணுவ அதிகாரியின் பொறுப்பு. லாரி ஏறிய நிமிடத்திலிருந்து வனத்துறை மேஸ்திரியின் பொறுப்பு. மாலை திரும்பி இறங்கியதும் மறுபடி ராணுவம். பையன்கள் சிப்பாய்கள் இல்லை. துப்பாக்கி இல்லை, கவாத்துப் பயிற்சி இல்லை, பிடிக்கவில்லை என்று ஓடிப்போனால் ராணுவ நீதிமன்றமும் இல்லை. பெயரை அடித்து அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

வேலை தெரியாத 200 பேருக்கு யார் கற்றுக்கொடுப்பது? அதற்கென்று உள்ளூரிலேயே அனுபவசாலிகளை அமர்த்தினார்கள். கோடரி பிடிக்கவும் பாறை உடைக்கவும் தெரிந்த உள்ளூர்க்காரர்கள். இதில் ஒரு ஊர் அரசியலும் உண்டு: வெளியூர்ப் பையன்கள் வந்து வேலையைப் பறிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பை இது அடக்கியது.

மரம் நடுதல், பாதை வெட்டுதல், தொலைபேசிக் கம்பி இழுத்தல், தீக்காவல் கோபுரம் கட்டுதல் என்று அன்றாட வேலைகள் ஓடின. பிக்ஹார்ன் காட்டில் இன்று சுற்றுலாப் பயணிகள் மீன் பிடிக்கும் மெடோலார்க் ஏரி, சி.சி.சி. பையன்கள் கட்டிய அணையால் உண்டானது. இவ்வளவும் அமைதியான வேலை. அமைதி இல்லாத வேலை ஒன்று அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பத்து மணி விதி

1935இல் அமெரிக்க வனத்துறைத் தலைவர் ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ் ஒரு விதி கொண்டுவந்தார். எந்தக் காட்டுத்தீயைக் கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் அதற்கடுத்த நாள் காலை 10 மணி. இப்படியே.

இப்படி ஒரு விதியைப் போடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? சி.சி.சி.யிலிருந்துதான். அந்த ஆண்டில்தான் படை உச்சத்தில் இருந்தது: 5 லட்சத்துக்கு மேல் ஆட்கள், 2,600க்கு மேல் முகாம்கள். காட்டுக்குக் காடு 200 இளைஞர்கள் சம்பளத்தோடு காத்திருக்கும்போது, எல்லாத் தீயையும் அணைத்துவிடலாம் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும். நிவாரணத்துக்காகத் திரட்டிய கூட்டம் சத்தமில்லாமல் தீயணைப்புப் படையாகிவிட்டது. தேர்வு விதி மட்டும் மாறவில்லை: வறுமை போதும், அனுபவம் தேவையில்லை.

என் பார்வையில் 1937இல் நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. அன்றைய காற்று அதற்குப் பிறகுதான் வருகிறது.

பிளாக்வாட்டர், 1937 ஆகஸ்ட் 21

இடம்: வயோமிங், ஷோஷோனி தேசியக் காடு. கோடி என்ற ஊருக்கு மேற்கே சுமார் 35 மைல், யெல்லோஸ்டோன் பூங்காவின் கிழக்கு வாசலுக்குப் போகும் சாலையோரம். பிளாக்வாட்டர் என்ற ஓடை இறங்கி வரும் செங்குத்தான மலை.

ஆகஸ்ட் 18 அன்று மின்னல் இறங்கியது. இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. 20ஆம் தேதி பார்த்தபோது சின்னத் தீ. பக்கத்து வாபிட்டி முகாமின் பையன்கள் முதலில் போனார்கள். சாயங்காலத்துக்குள் அது 200 ஏக்கர் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்து ஆள் போதவில்லை; தூரத்து முகாம்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்படி வந்ததுதான் 1811-வது கம்பெனியின் குழு. டென் ஸ்லீப்பிலிருந்து சுமார் 165 மைல், அதாவது 265 கிலோமீட்டர், அந்தக் காலத்து லாரியில், அந்தக் காலத்து ரோட்டில். சனிக்கிழமை 21ஆம் தேதி நண்பகல் வாக்கில்தான் தீக்கு வந்து சேர்ந்தார்கள். உடம்பு வலி போகும் முன்னே மலை ஏற வேண்டியிருந்தது. காட்டுத்தீயில் அவர்களுக்கு இருந்த அனுபவம் சொற்பம்.

வேலை என்னவென்றால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. தீக்கு முன்னால் ஒரு பட்டையாகச் செடி, சருகு, வேர் எல்லாவற்றையும் வெட்டிக் கொத்தி மண்ணை மட்டும் விடுவது. கையில் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து போலிருக்கும் புலாஸ்கி, மண்வாரி, முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பம்பு.

ரேஞ்சர் அர்பன் போஸ்ட் 40க்கும் மேற்பட்ட ஆட்களோடு மேலே ஏறிக் கோட்டை நீட்டிக்கொண்டு போனார். ரேஞ்சர் ஆல்ஃபிரட் கிளேட்டன் சிலரை வைத்துக்கொண்டு கீழே தங்கினார். பம்புகளுக்குத் தண்ணீர் பிடிக்க ஓடையில் சின்னதாக அணை போடுவது அவர்கள் வேலை. அப்போது கோட்டுக்குப் பின்பக்கம், பாதுகாப்பானது என்று நினைத்த பக்கத்தில், புகை தெரிந்தது. பொறி பறந்து விழுந்து பிடித்த புதுத் தீ. கிளேட்டன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஆள் மூலம் போஸ்ட்டுக்கு அனுப்பினார். நாங்கள் உங்களுக்குப் பின்னால் இருக்கிறோம், இந்தப் பொறித்தீயைப் பார்க்கப் போகிறேன், ஆள் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், இங்கே எட்டுப் பேர்தான் இருக்கிறோம் என்பது அதன் சாரம்.

எழுதிய காகிதம், அதைத் தூக்கிக்கொண்டு செங்குத்தில் ஓடும் ஒரு பையன். இரண்டு குழுக்களுக்கும் இடையே இருந்த தகவல் தொடர்பு அவ்வளவுதான்.

பிற்பகல் நாலு மணிக்குச் சற்று முன் காற்று மாறியது. இது ‘வறண்ட குளிர்முகப்பு’ என்று வானிலையாளர்கள் சொல்லும் விஷயம். குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று சூடான காற்றை நெட்டித் தள்ளிக்கொண்டு வரும். ஈரப்பதம் இருந்தால் மழை பெய்யும். இல்லாவிட்டால் மழை கிடையாது, திசை மாறிய பலத்த காற்று மட்டும். சமவெளியில் நிற்பவருக்கு அது வெறும் புழுதிக் காற்று. மலைச்சரிவில் தீக்கு மேலே நிற்பவருக்கு மரணம். ஏனென்றால் தீ இறக்கத்தைவிட ஏற்றத்தில் பல மடங்கு வேகம். மேலே உள்ள மரங்களைத் தன் சூட்டாலேயே காய வைத்துக்கொண்டு ஏறும்.

கிளேட்டன் போன பள்ளத்தில் தீ சூழ்ந்தது. அவரும் கூட இருந்தவர்களில் பெரும்பாலோரும் அங்கேயே முடிந்தார்கள்.

மேலே போஸ்ட்டுக்குக் கீழே இறங்கும் வழி அடைபட்டது. ஏறுவதைத் தவிர வேறு திசை இல்லை. மரம் இல்லாத ஒரு பாறை முனை கிடைத்தது. எல்லோரையும் அங்கே குப்புறப் படுக்கச் சொன்னார். அனல் ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் நகர்வது, திரும்பினால் திரும்ப நகர்வது. துணியில் பற்றும் பொறியை ஒருவருக்கொருவர் தட்டி அணைத்தார்கள். சிலருக்குப் பொறுக்கவில்லை, எழுந்து தீக்குள்ளேயே ஓடினார்கள். வனத்துறை ஊழியர் பால் டிரல், பதறிய பையன்களைக் கீழே தள்ளித் தன் உடம்பால் மூடிக்கொண்டார். அவர்கள் பிழைத்தார்கள். அவர் சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார்.

மொத்தம் 15 பேர் பலி. அதில் பத்துப் பேர் சி.சி.சி. பையன்கள், பெரும்பாலும் 1811-வது கம்பெனி. காயம் 38 பேருக்கு. தீ தின்ற பரப்பு சுமார் 1,700 ஏக்கர். அமெரிக்கக் காட்டுத்தீக் கணக்கில் அது ஒரு பெரிய தீயே இல்லை.

டெக்சாஸில் பல வீடுகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த 25 டாலருக்குப் பதிலாக அந்த மாதம் தந்தி போனது.

அப்புறம் என்ன மாறியது?

விசாரணைக்கு வாஷிங்டனிலிருந்து வந்தவர் வனத்துறையின் தீக்கட்டுப்பாட்டு அதிகாரி டேவிட் காட்வின். அவருக்கு உறுத்திய விஷயம் நேரம். மின்னல் இறங்கியதிலிருந்து போதுமான ஆள் வந்து சேர மூன்று நாள். சின்னத் தீயாக இருக்கும்போதே நாலு பேர் போயிருந்தால் 500 பேர் தேவைப்பட்டிருக்காது. அதன் பிறகு நடந்தவை:

1. பாராசூட் வீரர்கள். 1939இல் வாஷிங்டன் மாநிலத்தின் வின்த்ரப் ஊரில் விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கும் சோதனைகள் நடந்தன. பின்னால் நின்றவர் காட்வின். 1940 ஜூலை 12 அன்று ரூஃபஸ் ராபின்சன், ஏர்ல் கூலி இருவரும் இடாஹோவின் நெஸ் பெர்ஸ் காட்டில் உண்மையான தீ மேல் முதன்முதலாகக் குதித்தார்கள். ‘ஸ்மோக்ஜம்ப்பர்’ என்று இன்று செய்தியில் வருகிறவர்களின் தொடக்கம் இது. பிளாக்வாட்டர் மட்டும்தான் காரணம் என்று சொல்வது மிகை. தள்ளிப்போட முடியாமல் செய்தது அது.

2. தனிக் குழுக்கள். கிடைத்தவரை லாரியில் ஏற்றும் முறைக்கு மாற்றாக, தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த 40 பேர் குழு ஒன்றை 1939இல் ஓரிகனின் சிஸ்கியூ காட்டில் சோதித்துப் பார்த்தார்கள். இன்றைய ‘ஹாட்ஷாட்’ குழுக்களுக்கு இதுவே மூதாதை.

3. பத்துக் கட்டளைகள். இது உடனே வரவில்லை. இருபது ஆண்டு பிடித்தது. 1957இல் வனத்துறைத் தலைவர் ரிச்சர்ட் மெக்ஆர்டில் அமைத்த குழு, உயிர்ப்பலி வாங்கிய 16 தீக்களை எடுத்து ஆராய்ந்தது. ஆராய்ச்சிக் காலம் 1937 முதல் 1956 வரை, அதாவது பிளாக்வாட்டர் நடந்த ஆண்டிலிருந்து. அதிலிருந்து பிறந்தவைதான் அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் பத்து நிலைக் கட்டளைகள்.

அந்தக் கட்டளைகளில் சிலவற்றை 1811-வது கம்பெனியின் பிற்பகலோடு வைத்துப் பார்க்கலாம். வானிலை நிலவரத்தையும் முன்னறிவிப்பையும் தெரிந்து வைத்திரு: குளிர்முகப்பு. ஆபத்து இருக்கும் இடத்தில் காவல் பார்க்க ஆள் நிறுத்து: பின்பக்கம் விழுந்த பொறி. தப்பும் வழி எது என்று எல்லோருக்கும் சொல்லிவை: அடைபட்ட இறக்கம். உன் ஆட்களோடும் பக்கத்துக் குழுவோடும் தொடர்பில் இரு: அந்தத் துண்டுச் சீட்டு. சட்டப் புத்தகத்தின் விதிகள் பொதுவாக மேசையில் பிறக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிவும் சில பெயர்களும் இருக்கின்றன.

கட்டளைகள் வந்த பிறகும் விபத்து நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013இல் அரிசோனாவின் யார்னெல் ஹில் தீயில் நன்கு பயிற்சி பெற்ற ஹாட்ஷாட் வீரர்கள் 19 பேர் இறந்தார்கள். அங்கேயும் காற்றுதான் திசை மாறியது.

முகாம்கள் மூடியபோது

சி.சி.சி.யை மூட வைத்தது எந்தத் தீயும் இல்லை. 1940க்குப் பிறகு ஆயுதத் தொழிற்சாலைகள் ஆளை இழுத்தன; பேர்ல் ஹார்பருக்குப் பின் ராணுவம் மிச்சத்தை எடுத்துக்கொண்டது. 1942 ஜூன் 30க்கு மேல் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. முகாம்களில் பல காலியாகக் கிடந்தன.

காடு மட்டும் எரிவதை நிறுத்தவில்லை. ஆள் இல்லாத அந்த நேரத்தில் வனத்துறைக்குக் கைகொடுத்தவர்களில் ஒரு கூட்டம் விநோதமானது: மனசாட்சிப்படி துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று போருக்குப் போக மறுத்த இளைஞர்கள். அவர்களில் பலரைப் பழைய சி.சி.சி. முகாம்களிலேயே தங்க வைத்தார்கள். 1943 முதல் அவர்களில் ஒரு பகுதியினர் மான்டனாவின் மிசூலாவில் பாராசூட் கட்டிக் காட்டுத்தீ மேல் குதித்தார்கள்.

பிளாக்வாட்டர் ஓடை பெரிய சாலையைத் தொடும் இடத்தில் ஒரு கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதைக் கட்டியதும் சி.சி.சி. பையன்கள்தான். யெல்லோஸ்டோனுக்குப் போகும் கார்கள் அதைத் தாண்டிப் போகும். இன்னும் இரண்டு சின்னங்கள் மேலே, நடந்து ஏறினால் மட்டும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன: ஒன்று கிளேட்டனின் பள்ளத்தில், மற்றது போஸ்ட் தன் ஆட்களைப் படுக்க வைத்த பாறை முனையில்.